இரவல் கொடுத்த துப்பாக்கி

தம்பி,

நீ அனுப்பிய போட்டோவால் போன செவ்வாய்க்கிழமை முடிவெட்டும் கடையில் எனக்கு நேர்ந்த மானக்கேட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது போன் போட்டு உனக்குச் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுவது நல்லது. பச்சைக் கோட்டும் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸும் போட்டுக்கொண்டு, இங்கிலாந்துப் புல்வெளியில் நீளத் துப்பாக்கியோடு நீ நிற்கிற படத்தைக் கடையில் இருந்த அத்தனை பேருக்கும் காட்டினேன். "டாக்டர் தம்பி பட்டாளத்துல சேந்துட்டாரா?" என்று ஒருத்தர் கேட்டார். "இல்லய்யா, அங்க மானு ஜாஸ்தி. மாட்டு டாக்டரையே சுடச் சொல்றாங்க" என்று விளக்க ஆரம்பித்து, எப்படிப் பதுங்கிப் போய்க் குறி பார்ப்பார்கள் என்று என் குடையைத் தோளில் வைத்துக் காட்டினேன். என் போதாத காலம், விரல் பொத்தானில் பட்டுவிட்டது. குடை படக்கென்று விரிந்து, பவுடர் டப்பாவைத் தட்டிவிட்டு, முகம் முழுக்கச் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்த ரிட்டயர்டு தபால்காரர் மேல் போய் மோதியது. கடையே சிரித்தது, நானும் சிரித்தேன். கடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "ஐயா, சிரிப்பு கெடக்கட்டும். ஒங்க எடது கையி சரியான எடத்துல நின்னுச்சே. அது துப்பாக்கி புடிச்ச கையில்ல?" என்றார். "சினிமால பாத்ததுதான்யா" என்று சொல்லிவிட்டு, பாதி வெட்டிய தலையோடு வீட்டுக்கு வந்துவிட்டேன். மீதியை உன் அம்மா கத்தரிக்கோலால் வெட்டிவிட்டாள். எப்படி இருக்கும் என்று நீயே நினைத்துப் பார்த்துக்கொள்.

பாதியில் எழுந்து வந்ததற்குக் காரணம் நீ ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்ட கேள்வி. அந்த எஸ்டேட்டில் மான்கள் பெருகி இளமரங்களைத் தின்றுவிடுகின்றன, வருஷத்துக்கு இத்தனை என்று சுட்டுக் குறைக்க வேண்டும், அதுவும் கிடா மானுக்கு ஒரு பருவம், பெட்டை மானுக்கு ஒரு பருவம் என்றெல்லாம் சொன்னாய். துப்பாக்கிக்குச் சான்றிதழ் வாங்க நீ மனுப் போட்டிருப்பதையும், போலீஸிலிருந்து ஒரு அதிகாரி வீட்டுக்கே வந்து, இரும்புப் பெட்டி சுவரோடு பதித்திருக்கிறதா என்று ஆட்டிப் பார்ப்பார் என்பதையும், உன்னைத் தெரிந்த இரண்டு பேரிடம் உன் குணத்தை விசாரிப்பார் என்பதையும், எத்தனை தோட்டா வைத்திருக்கலாம் என்பதுகூட அந்தக் காகிதத்தில் எழுதியிருக்கும் என்பதையும் சொன்னாய். சான்றிதழ் வரும் வரையில் எஸ்டேட்காரருடைய துப்பாக்கியையே இரவல் வாங்கிச் சுடப்போவதாகவும் சொன்னாய். அந்த ‘இரவல்’ என்ற இடத்தில்தான் எனக்குப் பழைய ஞாபகம் வந்தது. அது தெரியாமல் நீ, "வர்ற ஆபீசர் குடும்பத்தப் பத்தியும் கேப்பாராம்ப்பா. நம்ம வீட்டுல எப்பவாச்சும் துப்பாக்கி இருந்துச்சா? கேஸு கீஸு ஏதாவது?" என்று கேட்டாய். "நம்ம வீட்டுல மம்முட்டியே எரவல்தான்டா" என்றேன். நீ சிரித்துவிட்டுப் போனை வைத்தாய். உன் அம்மா அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "பொய் சொல்றதுன்னா மொதல்ல ஆள சிரிக்க வெச்சிடுறீங்க" என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என்னைப் பற்றிச் சொன்னதிலேயே சரியான வார்த்தை அதுதான்.

அந்த அதிகாரி வர இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது. அதற்குள் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிட வேண்டும். நம் வீட்டில் துப்பாக்கி இருந்தது. கேஸும் இருந்தது. காகிதத்தைப் பார்த்தால் எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று இருக்கும். அந்தக் காகிதம் எப்படி வந்தது என்பதைத்தான் எழுதப்போகிறேன். படித்துவிட்டு அவரிடம் என்ன சொல்வது என்று நீயே முடிவு செய். எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் தோற்றவன் எழுதுவது. வரிசை முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் தாத்தா எனக்கு விட்டுப்போனது இரண்டு. மிராசுதாரிடம் குத்தகைக்கு எடுத்த மூன்று ஏக்கர் ஒன்று. பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸில் வாங்கிய ஒற்றைக்குழல் துப்பாக்கி இன்னொன்று. அப்போது நாம் கடைமடையில் இருந்தோம். காவிரித் தண்ணீர் எல்லா ஊரையும் பார்த்துவிட்டு, மிச்சம் மீதி இருந்தால் எங்களிடம் வரும். தண்ணீர் வராவிட்டாலும் கோடியக்கரைக் காட்டிலிருந்து பன்றியும் புள்ளிமானும் தவறாமல் வந்துவிடும். கதிர் முற்றும் நேரத்தில் ஒரு பன்றிக் கூட்டம் புகுந்தால் விடிவதற்குள் அரை ஏக்கர் சேறாகிவிடும். அதற்குத்தான் லைசென்ஸ். துப்பாக்கியின் நம்பர், என் அங்க அடையாளம், வருஷத்துக்கு வாங்கக்கூடிய தோட்டா எல்லாம் அதில் எழுதியிருக்கும். புதுப்பிக்கத் தஞ்சாவூர் கலெக்டர் ஆபீஸுக்குப் போவேன். அன்றைக்கு மட்டும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொள்வேன். பஸ்ஸில் துப்பாக்கியைப் பார்த்ததும் ஜன்னலோர இடம் கிடைக்கும். இருபத்தெட்டு வயதில் எனக்கு இருந்த ஒரே கௌரவம் அதுதான் என்று வைத்துக்கொள்.

சுடுவதில் நான் சூரன் இல்லை. என் கணக்கில் மூன்று பன்றி, ஒரு மான், பக்கத்து வீட்டு வைக்கோல்போர். அந்த மூன்று பன்றியும் மாரிமுத்துவால் கிடைத்தவை. மாரிமுத்து மிராசுதாரின் பண்ணையில் கூலி வேலை செய்தவன், என்னைவிட நாலைந்து வயது பெரியவன். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று வைக்கோல் துரும்பை ஊதிப் பார்ப்பான். குளம்புத் தடத்தில் விரலை வைத்து, எவ்வளவு நேரத்துக்கு முன்னால் போனது என்று சொல்வான். இப்போது நீ படம் அனுப்புகிறாயே, வயிற்றால் ஊர்ந்து போவது, அதை நாங்கள் வரப்புச் சேற்றில் செய்தோம். நான் தும்முவேன், அவன் என் மூக்கைப் பிடித்துக்கொள்வான். சேரியில் பிறந்தவன் என் மூக்கைப் பிடிப்பதைப் பகலில் யாராவது பார்த்திருந்தால் ஊரே ரெண்டாகியிருக்கும். மிராசுதாரின் விருந்தாளிகள் பட்டணத்திலிருந்து வந்து, சட்டம் விட்டதோ விடவில்லையோ, மான் சுட ஆசைப்படும்போதும் நாங்கள் இருவரும்தான் வழிகாட்டிப் போவோம். கறி அவர்களுக்கு, தோல் மிராசுதாருக்கு. மாரிமுத்துவுக்குத் தலையும் காலும். எனக்குக் குத்தகை நீடிக்கும்.

ஒருமுறை அப்படிப் போகையில் மதகுச் சுவரில் வழுக்கி விழுந்தேன். துப்பாக்கியின் கட்டை விரிந்தது, குழல் வாய் ஓரத்தில் நசுங்கியது. விரிந்த கட்டையைச் செம்புக் கம்பியால் இறுக்கிச் சுற்றிக் கொடுத்தவன் மாரிமுத்து. குழலை அவனாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதற்குப் பிறகு அந்தத் துப்பாக்கி குறி வைத்த இடத்தில் அடிக்காது, ஒரு முழம் இடது பக்கம் தள்ளி அடிக்கும். "தென்னையப் பாத்து சுடுங்க ஆண்டே, பனையில படும்" என்று சொல்லிச் சிரிப்பான். உலகத்தில் இது தெரிந்தது எங்கள் இரண்டு பேருக்குத்தான்.

அது கழக ஆட்சி வந்த புதிது. ‘உழுதவனுக்கே நிலம்’ என்று பெரிய எழுத்தில் சுவரில் எழுதியிருந்தது. சுவர் மிராசுதாருடையது. எழுதக் கூலி கொடுத்ததும் அவர்தான் என்று பேச்சு. அவர் தன் நிலத்தை உச்சவரம்புக்குப் பயந்து சமையல்காரன் பேரிலும் டிரைவர் பேரிலும் எழுதி வைத்துக்கொண்டிருந்தார். கூலி ஆட்கள் செங்கொடியின் கீழ் சேர்ந்தார்கள். மாரிமுத்து என்னை ‘ஆண்டே’ என்று கூப்பிடுவதை ஒரு நாள் நிறுத்தினான். சங்கத்தில் சொல்லியிருந்தார்கள். ஒரு மாதம் எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் அவன் "இந்தாங்க" என்று சமாளித்தான். எனக்கு அது குத்தியது. மூக்கைப் பிடிக்கிறவன் எப்படிக் கூப்பிட்டால் என்ன என்று அப்போது தோன்றவில்லை.

அந்த வருஷ அறுவடையில் அரைப்படி நெல் கூலி கூட்டிக் கேட்டு ஆட்கள் அரிவாளைக் கீழே வைத்தார்கள். மிராசுதார் வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கப்போவதாகச் சொன்னார். கலவரம் வரும் என்று, தாலுகாவில் லைசென்ஸ் வைத்திருக்கிற எல்லோரும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு வந்தது. மிராசுதார் முதல் ஆளாகத் தன் இரண்டு துப்பாக்கிகளையும் காரில் வைத்து ஊரறியக் கொண்டுபோய்க் கொடுத்தார். நான் கொடுக்கவில்லை. பன்றி வருகிறது, நாளைக்குப் பார்க்கலாம், வெள்ளிக்கிழமை பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். உண்மையைச் சொன்னால், துப்பாக்கி இல்லாமல் தெருவில் நடக்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

மிராசுதாரின் காரியஸ்தர் நடேசன், வயல் வரவு செலவெல்லாம் பார்ப்பவர், ஒரு மத்தியானம் வந்தார். உன் அம்மா மோர் கொடுத்தாள். குடித்துவிட்டு, "துப்பாக்கி இங்கதான இருக்கு? ரெண்டு நாளைக்குக் குடு. பன்னி தொல்லை தாங்கல" என்றார்.

"பட்டப்பகல்ல பன்னி வருதாண்ணே?" என்றேன்.

"சில பன்னி பகல்லதான் வருது. கொடி புடிச்சிக்கிட்டு வருது."

"லைசென்ஸ் என் பேருல இருக்குண்ணே. கை மாத்துனா உள்ள போட்டுடுவாங்க."

"குத்தகை யாரு பேருல இருக்கு?" என்று கேட்டார். "பயப்படாத. சும்மா காட்டத்தான். யாரு சுடப்போறா? எனக்குச் சுடத்தெரியுமா சொல்லு?"

"அதான் பயமா இருக்கு" என்று சொல்லிச் சிரித்தேன். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுந்து போய்த் துப்பாக்கியை எடுத்து வந்து கொடுத்தேன். இரண்டு தோட்டாவும் கொடுத்தேன். இடது பக்கம் இழுக்கும் என்பதைச் சொல்லவில்லை. சொன்னால் சுடுவதற்குக் கொடுத்த மாதிரி ஆகிவிடும் அல்லவா? காட்டுவதற்குத்தானே கொடுத்தேன். பார், எப்படி வக்கீல் மாதிரி யோசித்திருக்கிறேன்.

மறுநாள் காலையில் லாரி வந்தது. மிராசுதாரின் வயலுக்கு முன்னால், வரப்பு நெடுக, ஆணும் பெண்ணுமாக ஆட்கள் கைகோத்து நின்றார்கள். நடுவில் ஒரு மூங்கிலில் கொடி. லாரியில் இருந்தவர்கள் இறங்கவே பயந்தார்கள். போலீஸ்காரர்கள் இரண்டு பேர் தூரத்தில் புளியமர நிழலில் சைக்கிளோடு நின்றார்கள். நான் ரோட்டில், வேடிக்கை பார்க்கிற கூட்டத்தோடு. எனக்கு முன்னால் பத்தடியில் நடேசன், கையில் துண்டு போர்த்திய துப்பாக்கி.

"வெளியாளு ஒருத்தன் கால வெச்சாலும் எங்க மேல மெதிச்சிட்டுத்தான் போவணும்" என்று வரப்பிலிருந்து மாரிமுத்து கத்தினான்.

"கூலிக்கார நாயிக்குக் கொடி ஒரு கேடா?" என்றார் நடேசன். "இப்ப பாரு, கொடிய அடிக்கிறேன், கூட்டம் கலையும்."

கொடிக்கு இந்தப் பக்கம், நடேசனுக்கு இடப்பக்கமாக, கொம்பை ஒட்டி நின்றவள் பாக்கியம், மாரிமுத்துவின் மனைவி. நடேசன் தூக்கினார், சுட்டார். எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. துப்பாக்கி தோளுக்கு ஏறிய பிறகுதான் செம்புக் கம்பியை மாரிமுத்து பார்த்தான் போலிருக்கிறது. "பாக்கியம், குந்துடீ!" என்று அலறிக்கொண்டு அவளைத் தள்ளிவிட்டு அவள் இருந்த இடத்தில் அவன் விழுந்தான். கொடி அப்படியே நின்றது. ரவை முழுதும் அவன் வலது கையில். மணிக்கட்டுக்குக் கீழே சதையும் சேறும் ஒன்றாக இருந்தது. பாக்கியம் அழவில்லை. தன் முந்தானையைக் கிழித்து அவன் கையில் சுற்றிக்கொண்டே ரோட்டைப் பார்த்தாள். எல்லோரையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

அன்று சாயங்காலத்துக்குள் துப்பாக்கி ஒரு தவிட்டு மூட்டைக்குள் வைத்து என் வீட்டுக்கு வந்துவிட்டது, துடைத்து எண்ணெய் போட்டு. "இப்பவே ஸ்டேஷனுக்குப் போ. ரைட்டர்கிட்ட சொல்லியாச்சு" என்றார் நடேசன். போனேன். ரசீது கொடுத்தார்கள். அதில் மூன்று நாளைக்கு முந்தைய தேதி இருந்தது. ஒரு வாரம் கழித்து இன்ஸ்பெக்டர் விசாரணைக்கு வந்தார். கையில் கட்டோடு மாரிமுத்து, "அது இவுரு துப்பாக்கிங்க. கட்டையில இருக்குற கம்பிய நாந்தான் சுத்துனேன். கொண்டாந்து பாருங்க" என்றான். இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். "அன்னிக்கு ஒன் துப்பாக்கி எங்க இருந்துது?" "ஸ்டேஷன்லங்க" என்றேன். ரசீதை நீட்டினேன். அவர் படித்துவிட்டு மாரிமுத்துவிடம், "போலீஸுகிட்டயே பொய் சொல்றியா?" என்றார். யாரோ பேர் தெரியாத ஆள் நாட்டுத் துப்பாக்கியால் சுட்டதாகக் கேஸ் எழுதி, அது அப்படியே அடங்கிப்போனது. அரைப்படி நெல்லை அவர்கள் அடுத்த அறுவடையில் போராடி வாங்கிவிட்டார்கள். மாரிமுத்துவின் கைதான் திரும்பவில்லை. மூன்று விரல் மடங்கவே இல்லை. அரிவாள் பிடிக்க முடியாமல் வாய்க்கால் ஓரம் ஆடு மேய்த்தான். காகிதத்தில் நான் யோக்கியன், அவன் பொய்யன்.

விசாரணை நடந்த அன்றைக்கு ராத்திரி உன் அம்மா சோறு போட்டாள். போட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். நீ அப்போது அவள் வயிற்றில் ஆறு மாதம். அடுத்த வருஷம் லைசென்ஸைப் புதுப்பிக்காமல் துப்பாக்கியைத் தஞ்சாவூரில் ஒப்படைத்துவிட்டேன். குத்தகையை விட்டுவிட்டுப் பாபநாசம் பக்கம் வந்து, உரக்கடையில் மூட்டை எண்ணும் வேலையில் சேர்ந்தேன். தண்ணீர்க் கஷ்டத்தால் ஊரை விட்டோம் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். தண்ணீர்க் கஷ்டமும் இருந்தது.

இதையெல்லாம் நீ துப்பாக்கியைத் தொடக்கூடாது என்பதற்காக எழுதவில்லை. உன் வேலைக்கு அது வேண்டியிருக்கிறது. நீ படித்தவன், அங்கே சட்டம் வீட்டுக்கே வந்து பெட்டியை ஆட்டிப் பார்க்கிறது. இரவல் துப்பாக்கி என்றால் அதன் சொந்தக்காரர் பக்கத்திலேயே நிற்க வேண்டும் என்றாயே, அதை எழுதியவன் எவனோ, அவனுக்கு என் கும்பிடு. பக்கத்தில் நிற்பது என்றால் பத்தடி தள்ளிக் கூட்டத்தோடு நிற்பது இல்லை என்பதை மட்டும் நான் சேர்த்துக்கொள்கிறேன். யாருடைய துப்பாக்கியை வாங்கினாலும் முதலில் ஒரு அட்டையில் சுட்டுப் பார். அது எந்தப் பக்கம் இழுக்கிறது என்று தெரிந்துகொள். தெரிந்ததை எல்லோர் காதிலும் விழச் சொல். மானுக்குப் பின்னால் மண்மேடு இருந்தால்தான் சுடலாம் என்று சொன்னாயே, அந்த மேட்டுக்கு அப்பால் நடைபாதை இருக்கிறதா என்று இரண்டு தரம் பார். பெரிய மனுஷன் ஒருவன் சிரித்துக்கொண்டே ஒன்று கேட்டால், நீ சிரிப்பதை முதலில் நிறுத்து. நான் அன்று சிரிக்காமல் இருந்திருந்தால் ஒருவேளை துப்பாக்கியை எடுக்க எழுந்திருக்க மாட்டேன். அந்த அதிகாரி கேட்டால், ‘எங்கப்பா ஒருமுறை துப்பாக்கியை இரவல் கொடுத்தார், ஒருத்தர் கை போயிற்று’ என்று சொல்வாயோ மாட்டாயோ, அது உன் இஷ்டம். சொன்னதால் சான்றிதழ் கிடைக்காமல் போனால் என்னைத் திட்டு. சொல்லாமல் கிடைத்தால் என்னைப் போல ஒரு ரசீது உன்னிடமும் இருக்கும்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. போன மாதம் எனக்குக் கண் ஆபரேஷன் நடந்ததே, அந்த இலவச முகாமில் பக்கத்துப் பெஞ்சில் ஒரு கிழவர், என்னைப் போலவே ஒரு கண்ணில் பச்சைத் துணி. வலது கையை மடியில் மூடி வைத்திருந்தார். எனக்கு முன்னால் அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

"என்னங்க, ஒங்களுக்கும் எடது கண்ணுதானா?" என்றான் மாரிமுத்து.

"ஆமாம்ப்பா. ரெண்டு பேருக்கும் சேத்தா ரெண்டு கண்ணு தேறும்" என்றேன். சிரித்தான். பாக்கியம் போய்ச்சேர்ந்து நாலு வருஷம் ஆகிறதாம். மகள் திருவிடைமருதூரில் டீச்சராம், அவளோடு இருக்கிறானாம். காப்பி வாங்கிக் கொடுத்தேன், இடது கையால் வாங்கிக் குடித்தான். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கோபமில்லாமல், வழி கேட்கிற மாதிரி கேட்டான்.

"ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா. ரசீதுல்லாம் போவட்டும், அது ஒங்க கஷ்டம். அன்னிக்கு ரோட்டுல நின்னீங்கல்ல. அது எடது பக்கம் போவும்னு ஒங்களுக்கும் தெரியுமுல்ல. ஒரு கொரலு குடுத்திருக்கலாமே?"

"எங்கப்பா கொரலு குடுக்குறது, மாரிமுத்து? கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள நடந்துபோச்சே" என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். "ஆமா, எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு" என்றான். அதற்குள் அவன் பேரைக் கூப்பிட்டார்கள். எழுந்து போய்விட்டான்.

உனக்கும் மேலே அப்படித்தான் எழுதியிருக்கிறேன், கண் மூடித் திறப்பதற்குள் என்று. அது வரப்பிலிருந்து பார்த்தவர்களுக்கு. நான் நடேசனின் முதுகுக்குப் பின்னால் நின்றவன். அவர் துண்டை எடுத்தார். அதை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். உள்ளங்கை வியர்வையை வேட்டியில் துடைத்தார். துப்பாக்கியின் குதிரையைப் பின்னால் இழுத்தார், அது நழுவியது, முனகிக்கொண்டே மறுபடி இழுத்தார். கட்டையைத் தோளில் பொருத்தினார், சரியில்லை என்று இறக்கினார், மறுபடி பொருத்தினார். ஒரு கண்ணை மூடினார். நான் வாயைத் திறந்தேன். கத்தினால் அது என் துப்பாக்கி என்று ஊருக்குத் தெரிந்துவிடும் என்று நினைத்தேன், ஸ்டேஷன் நினைப்பு வந்தது, மூன்று ஏக்கர் நினைப்பு வந்தது, உன் அம்மா வயிறு நினைப்பு வந்தது. அத்தனையும் ஒன்றன்பின் ஒன்றாக, நிதானமாக வந்தன. பிறகு வாயை மூடிக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் சத்தம் கேட்டது.

நேரம் இருந்தது, மாரிமுத்து.